கீறின படம்

வெளிநாட்டுக்குப் போனாலாவது கடையை மறந்துவிட்டு நாலு நாள் காலை நீட்டி உட்காரலாம் என்றுதான் சிட்னிக்குக் கிளம்பினேன். வந்த வாரமே ஒரு படத்தின் முதுகுப் பலகையைப் பிரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். என் ராசி அப்படி.

திருச்சியில் எனக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. மாரியம்மன், கல்யாணப் போட்டோ, மாலை போட்ட மாமனார் என்று யார் வந்தாலும் நாலு பக்கமும் கட்டை அடித்துக் கண்ணாடிக்குள் உட்கார வைப்பதுதான் தொழில். தம்பி கதிர் சிட்னியில் ஹோம்புஷ்ஷில் மனைவி சுதாவோடு அடுக்குமாடியில் இருக்கிறான். "நீ வரலேன்னா நான் இனி ஊருக்கே வரமாட்டேன்க்கா" என்று மிரட்டித்தான் வரவழைத்தான். ஜூலை மாதம், இங்கே குளிர்காலம். வெயில் இருக்கிறது, ஆனால் உடம்பில் ஒட்டுவதில்லை. இவ்வளவு தூரம் பறந்து வந்து முதல் நாள் காலையில் நான் சாப்பிட்டது, வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையில் நெய் ரோஸ்ட். சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தான், பாவி. மற்றபடி தோசையைக் குறை சொல்ல முடியாது.

இந்த ஊரில் எனக்கு முதலில் பிடித்துப்போனது, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். எங்கள் டவுன் பஸ்ஸில் டிரைவருக்கு நன்றி சொன்னால், "ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்பார். இரண்டாம் நாள் நானும் சத்தமாக 'தேங்க் யூ' சொல்லிப் பார்த்தேன். டிரைவர் கையை உயர்த்தினார். அன்று முழுக்க எனக்கு ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை டூங்கபிக்குச் சாப்பிடப் போனோம். சுதாவோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பிலோமினா அக்காவின் வீடு. மன்னாரில் பிறந்த கத்தோலிக்கர். அவர் கணவர் சிவராசா அண்ணன் முல்லைத்தீவுப் பக்கம், சைவர். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாமி அறையில் மாதாவும் முருகனும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். சண்டை இல்லை.

கதவைத் திறந்ததும் பிலோமினா அக்கா, "வாங்கோ, இருங்கோ, தேங்காய்ப் பால் காணாது, நான் ஓடிக் கடைக்குப் போட்டு வாறன்" என்றார். எதைப் போட்டுவிட்டு வரப்போகிறார் என்று அவர் கையைப் பார்த்தேன். "போயிட்டு வரேன்னு அர்த்தம்க்கா" என்று கதிர் காதில் சொன்னான். அப்புறம் வந்தது பாருங்கள், இடியப்பமும் சொதியும் நண்டுக் குழம்பும்! அந்த நண்டைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். விரல் ஐந்தையும் சூப்பிவிட்டு நிமிர்ந்தபோது சிவராசா அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி படங்களுக்கு ஃபிரேம் போடுறவ எண்டு சுதா சொன்னவ. உங்களுக்கு ஒரு படம் காட்டவேணும்."

சாமி அறைக்குள் கூட்டிப்போனார். மாதாவுக்கும் முருகனுக்கும் மேலே ஓர் ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே விளக்கு. "வலு வடிவாக் கீறிக் கிடக்கு, என்ன?" என்றார்.

கீறல் என்ற வார்த்தையே எங்கள் தொழிலில் ஆகாது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மூலை மூலையாகத் தேடினேன். "எங்கண்ணே கீறியிருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

அவர் முகம் வாடிவிட்டது. "உங்களுக்கு இது வடிவாத் தெரியேல்லையோ?"

"ஐயோ அக்கா, கீறுறதுன்னா இவங்க தமிழ்ல வரையறது. அழகா வரைஞ்சிருக்குன்னு சொல்றாரு" என்று கதிர் ஓடி வந்து காப்பாற்றினான். எல்லாரும் சிரித்தோம். சிரித்துவிட்டுத்தான் படத்தையே ஒழுங்காகப் பார்த்தேன்.

நீர்வண்ணப் படம். ஒரு பெண் ஆடுகிறாள். கறுப்பு உடை, ஒரு தோள் திறந்திருக்கிறது. இடுப்பில் சிவப்புக் கச்சை. அவிழ்த்துவிட்ட கூந்தல், வெறுங்கால். தலையில் உயரமாக ஏதோ ஒன்று. இரண்டு கையிலும் பச்சைக் கொத்து. கண்ணாடிக்கு உட்புறம் பூஞ்சை படர்ந்து எல்லாமே புகைக்கு நடுவில் தெரிவதுபோல் இருந்தது. பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது எங்கள் ஊர் அம்மன் கோயில் கரகம்தான்.

"அது என்ர அக்கா" என்றார் சிவராசா அண்ணன்.

அவருடைய அக்கா ஊர் அம்மன் கோயிலில் தலைமுடியை விரித்துப்போட்டு, தலையில் கரகமும் கையில் வேப்பிலையுமாக ஆடுவாராம். இலங்கைப் போரில், இடம்பெயர்ந்து ஓடும்போது ஷெல் விழுந்து இறந்துவிட்டார். வீட்டோடு போட்டோக்களும் போயின. ஒன்றுகூட மிஞ்சவில்லை. சிட்னிக்கு வந்து சில வருஷம் கழித்து, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போகும்போது இந்தப் படத்தை எடுத்து வந்து கொடுத்திருக்கிறார்.

"'இது இந்தியன் டான்சர், உங்கட ஆக்கள், நீங்களே வச்சிருங்கோ' எண்டு தந்தவ. நாங்கள் இந்தியா இல்லை, சிலோன் எண்டு எத்தினை தரம் சொன்னனாங்கள்! ஆனா படத்தைப் பாத்த உடன நான் வாயே திறக்கேல்ல. அக்கா அப்பிடியே வந்து நிண்ட மாதிரி."

வருகிற வெள்ளிக்கிழமை அக்காவின் திவசம். அதற்குள் படத்தைச் சுத்தம் செய்து புதுச் சட்டம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். ஊரில் இதற்கெல்லாம் யோசிக்கவே மாட்டேன். இங்கே அந்த மனிதர் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்த விதத்தைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. வாசல் வரை வந்த பிலோமினா அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "அக்காவின்ர முகம் எண்டு அவரிட்ட இருக்கிறது இது ஒண்டுதான். கவனம், தங்கச்சி."

அன்று சாயங்காலமே ஹோம்புஷ் வீட்டுத் தரையில் துணி விரித்துப் பின்பலகையைப் பிரித்தேன். யாரோ ஒரு புண்ணியவான் ஓவியத்தைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல வைத்து, பின்னால் அட்டைப்பெட்டியை வெட்டிச் சொருகியிருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளைக் கண்ணாடியிலிருந்து விடுவித்தேன். நல்லவேளை, வண்ணம் ஒட்டியிருக்கவில்லை. கண்ணாடி போனதும் அந்தப் பெண் பளிச்சென்று வெளியே வந்தாள்.

என்ன கை ஐயா அது! தரை வரையவில்லை, நிழல் வரையவில்லை, பின்னால் ஒரு மரம் கிடையாது. வெறும் தாளில் ஒரு பெண்ணை மட்டும் வைத்திருக்கிறார். ஆனாலும் அவள் கால் மண்ணில்தான் பதிகிறது, எந்தக் காலில் பாரம் இருக்கிறது என்றுகூடத் தெரிகிறது. கச்சையின் நெசவை ஒவ்வொரு இழையாகப் போட்டிருக்கிறார். வருஷக்கணக்காகப் படங்களைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒன்றைத் தொட்டதில்லை.

தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அதைக் கவனித்தேன். அவள் கையிலிருந்தது வேப்பிலை இல்லை. வேப்பிலைக்கு விளிம்பில் பல் உண்டு, லேசாக வளைந்திருக்கும். ஆயிரம் மாரியம்மனுக்குச் சட்டம் போட்டவளுக்கு அது தெரியாதா? இது ஊசி ஊசியாக, சவுக்கு மாதிரி இருந்தது. தலையில் இருந்ததும் கரகம் இல்லை. தட்டையான நீலப் பலகை, ஓரம் படிக்கட்டாக வெட்டியது, உச்சியில் இறகு. ஒரு மூலையில் எனக்குப் படிக்கத் தெரியாத சின்னக் கையெழுத்து. கதிரிடம் சொல்லவில்லை. செல்போனில் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மெல்போர்ன். நோபல் பார்க்கில் சித்தி மகள் வனிதா இருக்கிறாள், போகாவிட்டால் ஜென்மத்துக்கும் பேசமாட்டாள். அந்த ஊரின் வானத்தை நம்பக் கூடாது. காலையில் வெயில், டீ குடித்து முடிப்பதற்குள் மழை, மழையில் நனைந்த துணி காய்வதற்குள் மறுபடி வெயில். யாரும் அலட்டிக்கொள்வதில்லை. டிராமில் பக்கத்தில் நின்ற ஒரு பெண், என் சேலை நனைவதைப் பார்த்துவிட்டுத் தன் குடையைப் பாதி என் பக்கம் சாய்த்தார், இறங்கி நடந்தபோதும் கொஞ்ச தூரம் அப்படியே வந்தார். பெயர்கூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை வனிதா என்னை நகரத்துக்குள் ஓவியத் தாள் விற்கும் ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி விட, ஜன்னல்போல வெட்டி வைக்கும் அட்டை வேண்டும். அமிலம் இல்லாத அட்டை. மட்டமான அட்டை போட்டால் தாள் மஞ்சளாகிப் போகும். சிட்னியில் அட்டை கிடைக்காதா என்று கேட்காதீர்கள், கதிரும் அதைத்தான் கேட்டான். கண்ணெதிரே நல்ல அட்டை இருக்கும்போது எனக்குக் கை சும்மா இருக்காது.

கல்லாவில் நரைத்த கொண்டையோடு ஓர் அம்மாள். என்ன நிறம் பொருந்தும் என்று காட்ட செல்போனை நீட்டினேன். அவர் அட்டையை மறந்துவிட்டார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"இது உங்களுக்கு எங்கே கிடைத்தது? இது பியூப்லோ ஓவியர் ஒருவர் வரைந்தது. என் கணவருக்குச் சொந்த ஊர் நியூ மெக்சிகோ. அமெரிக்காவில் இருக்கிறது. நாங்கள் அங்கே பல வருஷம் இருந்தோம். பியூப்லோ மக்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். மண் வீடுகள் கட்டி ஊர் ஊராக இருக்கிறார்கள். இது அவர்களுடைய மக்காச்சோள நடனம்."

பள்ளிக்கூடத்தில் செவ்விந்தியர் என்று படித்தோமே, அவர்கள். சிவராசா அண்ணனுக்குப் படம் கொடுத்த பாட்டி சொன்ன 'இந்தியன்' இதுதான்!

"அந்த ஊர்களில் நடனம் நடக்கும்போது பலவற்றில் நாம் போட்டோ எடுக்க முடியாது" என்றார் அந்த அம்மாள். "காமிராவைப் பையிலிருந்து எடுத்தாலே யாராவது வந்து உள்ளே வைக்கச் சொல்வார்கள். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று தெரிந்த ஒருவர், அவர்களில் ஒருவரே வரைந்த படம் இது. பத்திரமாக வைத்திருங்கள்."

எங்கள் கோயிலில் மூலவரைப் படம் எடுக்கக் கூடாது என்று சொன்னேன். "அப்படியானால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை" என்றார்.

"எதுக்காக ஆடுவாங்க?" என்று கேட்டேன்.

"மழைக்கு. மழை வந்தால்தானே சோளம்."

கடையிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாரி என்றாலே மழைதான். மாரியம்மனுக்கு ஆடுவதும் அதற்குத்தானே. உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு பெண் கையில் பச்சைக் கொத்தோடு வெறுங்காலில் மழைக்கு ஆடுகிறாள், இந்தக் கோடியில் சிவராசா அண்ணனின் அக்கா ஆடியிருக்கிறாள். டிராமில் ஏறும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. அந்த மனிதரிடம் போய் இது உங்கள் அக்கா இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

அட்டையோடு விமானத்தில் ஏற முடியாது என்பதால் புதன்கிழமை ரயிலில் திரும்பினேன். பாதி வழியில் தண்டவாள வேலை என்று எல்லாரையும் இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். என் அட்டையை அடியில் சாமான் போடும் இடத்தில் படுக்கவைக்கச் சொன்னார் டிரைவர். மேலே நாலு பெட்டி ஏறினால் அட்டை என்ன ஆவது? "முடியாது சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவர், ஆறடிக்கு மேல் இருப்பார், பெரிய தொப்பி, "என் பக்கத்தில் உட்காருங்கள்" என்றார். மூன்று மணி நேரம் அட்டையின் ஒரு ஓரம் அவர் மடியில், மறு ஓரம் என் மடியில். வழியெல்லாம் ஆடுகள். ஆட்டைப் பற்றி அவர் எவ்வளவோ சொன்னார், எனக்குப் பாதிதான் புரிந்தது. இறங்கும்போது, "கோணலாக மாட்டிவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு நல்ல மனுஷன்!

வியாழக்கிழமை வேலை. பக்கத்துக் கடையில் புதுச் சட்டமும் புதுக் கண்ணாடியும் வெட்டி வாங்கினேன். அட்டையில் ஜன்னல் வெட்டினேன். வெட்டியெடுத்த நடுத்துண்டைக் குப்பையில் போட மனம் வரவில்லை. ஒரு மனுஷன் மடியில் சுமந்து வந்த அட்டை அல்லவா? பைக்குள் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் கதிர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அக்கா, தயவுசெஞ்சு வாயைத் திறக்காத. பாவம்க்கா அந்த மனுஷன். நாம வந்து அவர் அக்காவைப் பிடுங்கணுமா?"

"புதுக் கண்ணாடி போட்டா வேப்பிலை இல்லேன்னு அவருக்கே தெரிஞ்சுடும்டா."

"அப்ப அந்தப் பழைய கண்ணாடியையே போட்டுடு. பூஞ்சை போகலேன்னு சொல்லிடு."

பழைய கண்ணாடி சுவரோரம் சாய்ந்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கையில் எடுத்துப் படத்தின்மேல் வைத்தும் பார்த்தேன். அந்தப் பெண் மறுபடி புகைக்குள் போய்விட்டாள். கச்சையின் இழைகள் போயின, படிக்கட்டு ஓரம் போயிற்று. இவ்வளவு அழகாக ஒருவர் வரைந்ததை, தன் மக்களுக்காகப் பார்த்துப் பார்த்து வரைந்ததை, அழுக்கால் மூடிக் கொடுக்கவா நான் தொழில் கற்றேன்? எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "போடா, உன் யோசனையும் நீயும்" என்று கதிரைத் திட்டிவிட்டுப் புதுக் கண்ணாடியைப் போட்டு மூடினேன்.

வெள்ளிக்கிழமை காலை டூங்கபி வீட்டில் சாம்பிராணி வாசனை. சமையலறையில் சைவம் மட்டும் சமையல். சிவராசா அண்ணன் வேட்டி கட்டித் திருநீறு பூசியிருந்தார். படத்தைச் சுற்றியிருந்த துணியை அவரே விலக்கினார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கண்ணாடியின்மேல் விரலை வைத்து அந்தப் பச்சைக் கொத்தைத் தடவினார்.

"தங்கச்சி, இது வேப்பிலை இல்லையே?"

"இல்லண்ணே" என்றேன். மெல்போர்ன் கடைக்கார அம்மாள் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். நியூ மெக்சிகோ, மண் வீடுகள், மழை. "மாதாவே!" என்று பிலோமினா அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு சிவராசா அண்ணன் மெல்லச் சிரித்தார். "அப்ப நானும் இந்தியன் இல்லை, இவவும் இந்தியன் இல்லை. தந்த மனிசிக்கு மட்டும் நாங்கள் ரெண்டு பேரும் இந்தியன்!"

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. "இவ்வளவு காலமும் ஆரோ வீட்டுப் பிள்ளைக்கு முன்னால நிண்டு அக்கா, அக்கா எண்டு அழுதிருக்கிறன்."

"மன்னிச்சுக்குங்கண்ணே. பழைய கண்ணாடியைப் போட்டே கொடுத்திருக்கலாம். எனக்குத்தான் மனசு வரல."

"இல்லைத் தங்கச்சி. இந்தப் பிள்ளையும் ஆருக்கோ அக்காவா இருந்திருப்பா தானே." படத்தைக் கீழே வைக்காமலே பேசினார். "இனி சாமி அறையில வேண்டாம். ஹோலில, வெளிச்சம் படுற இடத்தில மாட்டுவம். வாற ஆக்களுக்கு இவ ஆர் எண்டு சரியாச் சொல்லுவம்."

கதிர் ஹாலில் ஆணி அடித்தான். கோணல் இல்லாமல் நானே மாட்டினேன். சாமி அறையில் மாதாவுக்கும் முருகனுக்கும் மேலே பழைய ஆணி மட்டும் இருந்தது. சிவராசா அண்ணன் அதற்கு எதிரே விளக்கை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் செய்த காரியத்தை நினைத்து எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்: "பிலோ, அக்காவுக்கு முன்பல்லு கொஞ்சம் மிதப்பு."

"என்னப்பா?"

"மிதப்பு. முன்னுக்குத் தள்ளி நிக்கும், சிரிக்கேக்க கையால பொத்துவா. படத்தில இருந்த முகத்தையே பாத்துப் பாத்து எனக்கு அது மறந்து போச்சு. நாடியில ஒரு தழும்பு. நான் எறிஞ்ச கல்லு பட்டது. எவ்வளவு ரத்தம்! அம்மாட்டச் சொல்லவே இல்லை, விழுந்திட்டன் எண்டு எனக்காகப் பொய் சொன்னவ."

"இதுகளை நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார் பிலோமினா அக்கா. அழுதுகொண்டிருந்தார்.

சிவராசா அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, உங்களுக்குக் கீறத் தெரியுமோ?"

இந்தத் தடவை நான் எந்தக் கீறலையும் தேடவில்லை. "பள்ளிக்கூடத்துல டிராயிங் லோயர் பரீட்சை பாஸ் பண்ணினதோட சரிண்ணே. மூஞ்சியெல்லாம் ஒழுங்கா வராது."

"காணும், அது போதும். நான் சொல்லச் சொல்லக் கீறுங்கோ. பிறகு மறந்திடுவன்."

பையில் அட்டையின் நடுத்துண்டு இருந்தது. அந்தப் படம் இருந்த இடத்தின் அளவு, வெள்ளையாக. பிலோமினா அக்கா எங்கிருந்தோ பென்சில் கொண்டுவந்து கொடுத்தார். தரையில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் என் எதிரே உட்கார்ந்தார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்ண்ணே?"

"பல்லில இருந்து" என்றார்.

கீறினேன்.